பத்திரம் படிக்கக் கற்ற வருடங்கள்: டர்பனில் ஒரு ரியல் எஸ்டேட் பட்டப்படிப்பு

ரியல் எஸ்டேட்டுக்கு எதற்குப் பட்டப்படிப்பு, வீடு விற்க நல்ல பேச்சு போதாதா என்று என்னைக் கேட்காத உறவினர் இல்லை. கேட்டவர்கள் மேல் குறையில்லை. டர்பனில் நம் ஆட்கள் பார்த்த ரியல் எஸ்டேட் என்பது ஏஜென்ட்டின் போர்டும் ஞாயிற்றுக்கிழமை ஷோ ஹவுஸும்தான். அந்தப் போர்டுக்குப் பின்னால் மதிப்பீடு, சட்டம், நகரத் திட்டம், கட்டுமானம், நிதி என்று இவ்வளவு இருப்பது எங்கள் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. நான் படித்து முடித்தபிறகு, மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிலர் வந்து விசாரிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம். தென்னாப்பிரிக்காவில் இதைப் பட்டப்படிப்பாகச் சொல்லித்தரும் பல்கலைக்கழகங்கள் கொஞ்சம்தான். ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ், அப்புறம் கேப் டவுன் பல்கலைக்கழகம், பிரிட்டோரியா பல்கலைக்கழகம், டர்பனில் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகம். ஓரிடத்தில் பிராப்பர்டி ஸ்டடீஸ் என்பார்கள், இன்னோரிடத்தில் ரியல் எஸ்டேட் என்பார்கள், டர்பனில் பிராப்பர்டி டெவலப்மென்ட். மூன்று வருடம் இளநிலை, மேலே ஒரு வருடம் ஹானர்ஸ். டர்பனில் இந்தியர்கள் நிறைந்து வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து தினமும் போய்வர முடியும் என்பதால் நான் டர்பனையே எடுத்தேன். வகுப்பில் கேட்டதை மறுநாளே நம் தெருக்களில் பார்க்க முடிந்ததால் அது நல்லதாகவே போயிற்று.

பெற்றோர் கவனிக்க வேண்டியது கணக்குப் பாடம். பத்தாம் வகுப்பில் பாடம் பிரிக்கும்போது மேத்ஸ் லிட்ரசி என்ற அன்றாடக் கணக்குப் பாடம் சுலபம் என்று அந்தப் பக்கம் போய்விட்டால், இந்தப் படிப்புக்குப் பிறகு இடம் கிடைக்காது. மேத்ஸ் எடுத்துச் சுமாரான மதிப்பெண்ணோடு போராடுவதே மேல். பணத்தைப் பொறுத்தவரை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சம் ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் வருமானம் உள்ளவர்கள் சொத்து நிறுவனங்களும் வங்கிகளும் தரும் உதவித்தொகைகளை முதல் வருடத்திலிருந்தே தேட வேண்டும். இந்தத் துறைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் குறைவு என்பதால் இதில் நம் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

முதல் வருடத்தில் விற்பனை என்ற பேச்சே வராது. பொருளாதாரம், கணக்கியல், புள்ளியியல், கட்டுமானத் தொழில்நுட்பம். அஸ்திவாரம் எத்தனை வகை, செங்கல் சுவரில் ஈரம் ஏறாமல் எதை வைக்கிறார்கள், கூரைச் சட்டம் சுமையை எங்கே இறக்குகிறது என்று படிக்கும்போது, நான் ஏன் இங்கே இருக்கிறேன் என்று வகுப்பில் பலருக்கும் தோன்றியது. சிலர் அப்போதே வேறு படிப்புக்கு மாறிவிட்டார்கள். ஆனால் பின்னால் மதிப்பீடு செய்யப் போகும்போது, சுவரில் ஓடும் விரிசலைப் பார்த்து அது பூச்சு வெடிப்பா அஸ்திவாரம் இறங்கியதா என்று சொல்ல வைப்பது இந்தப் பாடம்தான்.

டர்பனில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. இங்கே மேடுகளில் இருக்கும் சிவப்பு மண்ணுக்கு பெரீயா சிவப்பு மணல் என்று பெயர். காய்ந்திருக்கும்போது வெட்டிவிட்ட பக்கம் செங்குத்தாக நிற்கும். தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் பிடிமானம் போய்விடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவில் நின்ற எத்தனையோ வீடுகள் மண்ணோடு போயின. அதற்குப் பிறகு நாங்கள் எந்தத் தளத்துக்குப் போனாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மழைத் தண்ணீர் எங்கே போகிறது? கூரைக் குழாயிலிருந்து இறங்கும் தண்ணீர் வடிகாலுக்குப் போகிறதா, சும்மா பின்பக்கச் சரிவில் விழுகிறதா? தாங்குசுவரில் தண்ணீர் கசிந்து வெளியேற ஓட்டை விட்டிருக்கிறார்களா, சுவர் முன்பக்கம் தள்ளி நிற்கிறதா? வீடு வாங்கப் போகிறவர்கள் சமையலறை டைல்ஸைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டின் பின்பக்கம் போய் இதைப் பாருங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள்.

இரண்டாம் வருடத்தில் சொத்துச் சட்டம் வந்தது. இந்த ஒரு பாடத்துக்காகவே இந்தப் படிப்பைப் படிக்கலாம் என்பேன்.

இந்த நாட்டில் 1937ஆம் ஆண்டின் டீட்ஸ் ரெஜிஸ்ட்ரீஸ் ஆக்ட்டின் கீழ்தான் நிலப் பதிவு நடக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் சர்வேயர்-ஜெனரலிடம் ஒரு அளவைப் படம் இருக்கும். டீட்ஸ் ஆபிஸ் என்ற பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரு டைட்டில் டீட், அதாவது உரிமைப் பத்திரம், இருக்கும். நம் மாகாணத்துக்கு டீட்ஸ் ஆபிஸ் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றோ, பணம் கட்டிய அன்றோ, சாவி வாங்கிய அன்றோ வீடு நம்முடையது ஆகிவிடாது. அங்கே பதிவாகும் நாளில்தான் ஆகும். அந்தப் பதிவை கன்வேயன்சர் என்ற தனித் தகுதி பெற்ற வக்கீல் மட்டும்தான் செய்ய முடியும். யாருடைய பத்திரமானாலும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம், உரிமையாளரின் அனுமதி வேண்டியதில்லை. இது தெரியாமல் எத்தனை பேர் வாய்வார்த்தையை நம்பி முன்பணம் கொடுக்கிறார்கள்.

ஒரு சாட்ஸ்வொர்த் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மேலே அதைத் தயாரித்த கன்வேயன்சரின் பெயர். பிறகு விற்றவர், வாங்கியவர், அடையாள எண், கூடவே திருமண நிலை. இந்தத் திருமண நிலையை யாரும் நின்று படிப்பதில்லை. ‘இன் கம்யூனிட்டி ஆஃப் பிராப்பர்டி’ என்று இருந்தால், பத்திரம் ஒருவர் பெயரில் இருந்தாலும் வீடு இருவருக்கும் பாதிப் பாதி. இருவரும் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது. அடுத்து சொத்து விவரம். அதில் தெருப் பெயரும் கேட்டில் மாட்டியிருக்கும் எண்ணும் இருக்காது. இத்தனையாம் எண் எர்ஃபின் (மனையின்) இத்தனையாம் போர்ஷன் (பிரிவு), சாட்ஸ்வொர்த், ரெஜிஸ்ட்ரேஷன் டிவிஷன் எஃப்.டி. என்றுதான் இருக்கும். ஒரு சில பெரிய எர்ஃபுகளை வெட்டி வெட்டி ஆயிரக்கணக்கான போர்ஷன்களாக்கி எழுந்த ஊர் இது. அதனால் ஓர் எண் மாறினால் பக்கத்து வீட்டுப் பத்திரத்தைப் படித்துக்கொண்டிருப்போம். அப்புறம் சதுர மீட்டரில் பரப்பளவு, முந்தைய பத்திரத்தின் எண், கடைசியில் நிபந்தனைகள். பின்பக்கம் கழிவுநீர்க் குழாய் போக செர்விட்யூட் (பிறருக்கான பயன்பாட்டு உரிமை) விட்டிருந்தால் அது இங்கே தெரியும், அல்லது அளவைப் படத்தில் புள்ளிக்கோடாக இருக்கும். அந்தக் கோட்டின் மேல் அறை கட்டினால் நகராட்சி இடிக்கச் சொல்லலாம்.

பழைய பத்திரங்களில் வேறு நிபந்தனைகளும் இருந்தன. ஆசியருக்கு விற்கக்கூடாது, ஆசியர் குடியிருக்கக்கூடாது, வீட்டு வேலைக்காரராக மட்டும் இருக்கலாம் என்ற வரிகள். 1922இல் வந்த ஓர் ஆர்டினன்ஸ், டர்பன் நகராட்சி தன் நிலத்தை விற்கும்போது இப்படி இனத்தைப் பார்த்து ஒதுக்க வழி செய்தது. 1943இல் டர்பனில் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையே நில விற்பனையைக் கட்டுப்படுத்திய பெக்கிங் ஆக்ட். 1946இல் இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்திய ஆசியாட்டிக் லேண்ட் டென்யூர் ஆக்ட். அதை எதிர்த்து டாக்டர் மாண்டி நாயக்கரும் மற்றவர்களும் 1946 ஜூன் 13 அன்று அம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சேரும் மூலையில் காலி மனையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டத்தில் சுமார் 2,000 பேர் சிறைக்குப் போனார்கள். 1950இல், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் ஆக்ட் வந்தது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பத்திரத்தோடு நிலம் வைத்திருந்த குடும்பங்களையும் வெளியேற்றி, 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கும் 1970களில் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பினார்கள். 1991இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

இதெல்லாம் வீட்டில் கேட்ட கதைதான். ஆயா, அதாவது என் பாட்டி, கேட்டோ மேனரில் பிறந்தவர். ஆனால் சட்ட எண்ணோடும் பிரிவோடும் வகுப்பில் படிக்கும்போது ஏற்பட்ட உணர்ச்சி வேறு. நம்மை வெளியேற்றியவர்கள் துப்பாக்கியை மட்டும் நம்பவில்லை. அளவைப் படம், கெசட் அறிவிப்பு, நஷ்டஈட்டுக் கடிதம், பதிவேடு என்று ஒவ்வொன்றாகக் காகிதத்தில் செய்தார்கள். எதிர்த்து நிற்க நம் பக்கத்தில் காகிதம் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர்.

அந்த வருடம் ஒரு நிலத்தின் உரிமைத் தொடரை எவ்வளவு பின்னால் போக முடியுமோ அவ்வளவு தேடி எழுத வேண்டும் என்று அசைன்மென்ட் கொடுத்தார்கள். நான் ஆயா வீடு இருந்த இடத்தை எடுத்தேன். ஆயாவுக்கு எர்ஃப் எண் தெரியாது. “ஆத்துக்கு இந்தப் பக்கம், கோயிலுக்கு ஏறுற வழி இருக்கில்ல, அதுக்குக் கீழ. மாமரத்துக்கு அந்தப் பக்கம் எங்க சித்தப்பா வீடு” என்றார். அதை வைத்துக்கொண்டு பழைய அளவைப் படங்களையும் இப்போதைய வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்து மனையைப் பிடித்தேன். ஆயாவின் அப்பா பெயர் பதிவேட்டில் இருந்தது. நம் பெயர்களை அந்தக் காலத்துக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியிருப்பதால், ஒரே முனுசாமி ஓரிடத்தில் மூன்சாமி, இன்னோரிடத்தில் முனிசாமி. சில இடங்களில் அப்பா பெயரே குடும்பப் பெயராகிவிட்டிருக்கும். குடும்ப நிலத்தைத் தேடுகிறவர்கள் எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும். இழந்த நிலத்துக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை கோர 1998 டிசம்பர் 31 கடைசி நாள். எங்கள் குடும்பத்தில் யாரும் கோரவில்லை. அந்தத் தேதி பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நகலை ஆயாவிடம் கொடுத்தேன். ஃபிரேம் போட்டுத் தரச் சொன்னார்.

நான் பத்திரம் படிப்பது தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் நம் சமூகத்தில் எவ்வளவு பெரிய சிக்கல் சத்தமில்லாமல் இருக்கிறது என்று புரிந்தது. எங்கள் பெரியம்மா ஒருவர் வீட்டை மகன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார். நகல் எடுத்துப் பார்த்தால் வீடு அவருடைய மாமனார் பெயரில் இருக்கிறது.

“அது எப்படி? லைட்ஸ் அண்ட் வாட்டர் பில் என் பேர்லதானே வருது?” என்றார் பெரியம்மா.

“பில் வேற, பத்திரம் வேற பெரியம்மா. பில்லுல யார் பேர் வேணும்னாலும் வரலாம்.”

“நாப்பது வருஷமா நான்தானே இந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கறேன்?”

அதற்கு நான் என்ன சொல்வது? மாமனார் நகராட்சியிடமிருந்து வாங்கிய வீடு. அவர் போய்ச் சேர்ந்தார், மாமியார் போனார், பெரியப்பாவும் போனார். ஒருவருடைய எஸ்டேட்டும் (இறந்தவரின் சொத்துக் கணக்கு) முடிக்கப்படவில்லை. அதனால் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் திறந்து முடித்தால்தான் வீடு கைமாறும். வழி இதுதான்: இறப்புச் சான்றிதழோடு உயர்நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சொத்து மதிப்பு 2.5 லட்சம் ராண்டுக்குள் இருந்தால் சொத்தைப் பிரித்துக்கொடுக்க அனுமதிக்கும் லெட்டர் ஆஃப் அத்தாரிட்டி கிடைக்கும், வேலை சுலபம். அதற்கு மேலே என்றால் எஸ்டேட்டை நிர்வகிக்க எக்ஸிக்யூட்டர் நியமனம் வேண்டும். எக்ஸிக்யூட்டருக்குச் சட்டம் குறிக்கும் கட்டணம் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம், ஆனால் அதைப் பேசிக் குறைக்கலாம், பேசத்தான் வேண்டும். நகராட்சியில் பாக்கி இல்லை என்ற ரேட்ஸ் கிளியரன்ஸ் இல்லாமல் டீட்ஸ் ஆபிஸ் பதியாது. வாரிசாக வரும் வீட்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் டியூட்டி என்ற கைமாற்று வரி கிடையாது என்பது ஒரு ஆறுதல்.

பெரியம்மா விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. கல்யாணம் கோயிலில் நடந்தது, அரசாங்கத்தில் பதியவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர் மனைவியே இல்லை என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். 2008இல் டர்பன் உயர்நீதிமன்றம், இந்து முறைப்படி ஒரே துணையாக வாழ்ந்தவரும் உயில் இல்லாத வாரிசுரிமையில் வாழ்க்கைத்துணையே என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வகுப்பில் படித்திருந்ததால் அதை வக்கீலிடம் எடுத்துச் சொல்ல முடிந்தது. இருந்தாலும் கோயிலில் கல்யாணம் செய்கிறவர்கள் அதே வாரம் போய்ப் பதிந்துவிடுங்கள். பத்து ராண்டு மொய் எழுதும் நோட்டுக்குக் கொடுக்கும் கவனத்தை இதற்கும் கொடுக்கலாம். உயிலும் எழுதுங்கள். ஐம்பது வயது தாண்டிய எல்லோரையும் நான் இதைக் கேட்டுத் தொந்தரவு செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

மூன்றாம் வருடத்தில் மதிப்பீடு முக்கியப் பாடம். வீட்டின் விலையை ஏஜென்ட் வாயால் கேட்டுப் பழகிய நமக்கு, அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன என்பதே புதிது. பக்கத்தில் விற்ற ஒத்த வீடுகளோடு ஒப்பிடுவது. இன்று கட்ட ஆகும் செலவிலிருந்து தேய்மானம் கழித்து நில மதிப்பைச் சேர்ப்பது. வருமானத்தை வைத்துக் கணக்கிடுவது. கடைக் கட்டிடங்களுக்கு மூன்றாவதுதான். ஆண்டு வாடகை 9 லட்சம் ராண்டு, செலவு 3 லட்சம் என்றால் நிகரம் 6 லட்சம். அந்த இடத்தில் முதலீட்டாளர்கள் 10 சதவீதம் எதிர்பார்த்தால் கட்டிடம் 60 லட்சம் ராண்டு பெறும். ஆபத்து கூடி 12 சதவீதம் எதிர்பார்த்தால் அதே கட்டிடம் 50 லட்சம். செங்கல் ஒன்றும் மாறவில்லை, 10 லட்சம் போய்விட்டது. இதைப் புரிந்துகொண்டால் செக்யூரிட்டி, ஜெனரேட்டர், இன்ஷூரன்ஸ் செலவையெல்லாம் ஏன் ஒவ்வொரு ராண்டாகப் பார்க்கிறார்கள் என்று தெரியும். பைனான்சியல் கால்குலேட்டரையும் எக்செலையும் விடுமுறையிலேயே பழகிக்கொள்ளுங்கள்; தேர்வறையில் பழக நேரம் கிடைக்காது.

அந்த டிசம்பர் விடுமுறையில் ஒரு மதிப்பீட்டாளரோடு வேலைக்குப் போனேன். சாட்ஸ்வொர்த்தில் வீடு வீடாக ஏறினோம். நகராட்சி கட்டிக்கொடுத்த சின்ன வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, அதற்கு மேல் ஓர் அறை, பக்கத்தில் கார்போர்ட், மகளுக்காக ஓர் அவுட்பில்டிங். பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் கட்டியது. மதிப்பீட்டாளர் கேட்பது ஒரே கேள்வி: “பிளான் இருக்கா?” பெரும்பாலும் இருக்காது. அனுமதி பெற்ற பிளான் இல்லாத கட்டிடத்துக்கு வங்கி முழு மதிப்புக் கொடுக்கத் தயங்கும்; விற்கும்போது வாங்குகிறவர் அதைச் சொல்லி விலையைக் குறைப்பார், அல்லது பிளான் வரும்வரை பேரம் நின்றுவிடும். கட்டுவதற்கு முன்னால் பிளான் போடுவது எப்போதும் மலிவு. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் விற்க முடிவு செய்யும்வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு டிராஃப்ட்ஸ்மேனைப் பிடித்து நகராட்சியில் பிளானைக் கொடுங்கள். நகராட்சியின் வேல்யூவேஷன் ரோல் என்ற மதிப்பீட்டுப் பட்டியலில் உங்கள் வீட்டின் மதிப்பு அதிகமாக இருப்பதாகத் தோன்றினால், குறித்த தேதிக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். ரேட்ஸ் (சொத்து வரி) அதை வைத்துத்தான் வருகிறது.

ஃபிளாட் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மாமா கடற்கரைப் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்துவிட்டு வந்தார். விலை குறைவு, பால்கனியில் நின்றால் கடல். நான் பாடி கார்ப்பரேட்டின் (ஃபிளாட் உரிமையாளர்கள் சங்கத்தின்) கணக்கையும், கடைசிப் பொதுக்குழுக் கூட்டத்தின் குறிப்புகளையும், பத்து வருடப் பராமரிப்புத் திட்டத்தையும் கேட்டு வாங்கச் சொன்னேன். ஃபிளாட்டுக்குத் தனித்தனிப் பத்திரம் உள்ள செக்ஷனல் டைட்டில் கட்டிடத்தில் அந்தத் திட்டமும் ரிசர்வ் ஃபண்டும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கணக்கில் ரிசர்வ் காலி, லெவி (மாதப் பராமரிப்புக் கட்டணம்) பாக்கி ஏராளம், லிஃப்ட் மாற்ற வேண்டும் என்று குறிப்பில் இருக்கிறது. அந்தச் செலவு எல்லா உரிமையாளர் தலையிலும் பங்குக்கேற்ப விழும். மாமா வாங்கவில்லை. ஏஜென்ட்டுக்குக் கோபம்தான். ஃபிளாட்டின் விலை குறைவாக இருந்தால், குறைந்ததற்கான காரணம் பெரும்பாலும் அந்தக் காகிதங்களில் இருக்கும்.

நகரத் திட்டமிடல் பாடத்தில் நான் மனம் ஒன்றிப் படித்தது வடக்குப் பக்கத்து நிலங்களைப் பற்றி. 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்தது முதல், நம் முன்னோர்கள் வெட்டிய கரும்புக் காடுகள் இவை. அம்ஷ்லாங்கா ரிட்ஜில் 2001இல் கேட்வே மால் திறந்தது; 2010 மே 1 அன்று கிங் ஷாகா விமான நிலையம்; மவுண்ட் எட்ஜ்கூம்பில் கோல்ஃப் எஸ்டேட். விவசாய நிலம் என்ற வகையிலிருந்து குடியிருப்பு, வணிகம் என்று மாறும்போது, ஒரு கல்லும் எடுத்துவைக்காமலே நில மதிப்பு பல மடங்கு ஏறுகிறது. அந்த ஏற்றம் அப்போது பத்திரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. உழைத்தவருக்கு அதில் பங்கில்லை. அந்த மண்ணில் நம் பெயரில் மிச்சம் இருப்பது கோயில்கள். பழைய கோயில்கள் பல கரும்புத் தோட்ட முதலாளியுடைய நிலத்திலோ ரயில்வே நிலத்திலோ வாய்வழி அனுமதியில் எழுந்தவை. கோயில் கமிட்டியில் இருக்கும் பெரியவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை திரட்டும் முன்னால் கோயில் நிலத்தின் பத்திர நகலை எடுத்துப் பாருங்கள். டிரஸ்ட் பெயரில் இருக்கிறதா, எப்போதோ இறந்துபோன ஒரு டிரஸ்டியின் சொந்தப் பெயரில் இருக்கிறதா, இல்லை வேறு யாருடையதோவா? இந்த வேலையைச் செய்துதர எங்களைப் போலப் படித்த பிள்ளைகள் காசு வாங்காமல் வருவோம்.

நகரத்தை ஒட்டிய கிராமப் பகுதிகளில் மலிவாக மனை கிடைக்கிறது என்று சொல்கிறவர்களிடமும் கவனம் தேவை. சூலு மன்னரை அறங்காவலராகக் கொண்ட இங்கொன்யாமா டிரஸ்ட்டின் கீழ் இந்த மாகாணத்தில் சுமார் 28 லட்சம் ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அங்கே கிடைப்பது குத்தகையோ குடியிருக்கும் அனுமதியோதான், டைட்டில் டீட் அல்ல. அதை வைத்து வங்கியில் வீட்டுக் கடன் வாங்குவது கஷ்டம்.

சரி, படித்துவிட்டு என்ன வேலை? பட்டம் கையில் இருக்கிறது என்பதற்காக மறுநாளே வீடு விற்றுக் கமிஷன் வாங்க முடியாது. 2022 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள பிராப்பர்டி ப்ராக்டிஷனர்ஸ் ஆக்ட்டின்படி, ஃபிடிலிட்டி ஃபண்ட் சர்டிஃபிகேட் என்ற தொழில் சான்றிதழ் இல்லாதவருக்குக் கட்டணம் பெறும் உரிமையே இல்லை. வீடு விற்க வரும் ஏஜென்ட்டிடம் அதைக் காட்டச் சொல்லுங்கள். குறைகளை விற்பவர் எழுதித்தரும் டிஸ்க்ளோஷர் படிவத்தையும் கேளுங்கள். மதிப்பீட்டாளர் ஆக வேண்டுமானால் அதற்கென்று ஒரு கவுன்சில். அதில் கேண்டிடேட் வேல்யூவராக (பயிற்சி மதிப்பீட்டாளராக) பதிந்து, அனுபவம் சேர்த்து, தேர்வு எழுத வேண்டும். கட்டுமானச் செலவைக் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயருக்கு வேறு கவுன்சில். இவை தவிர மால்களையும் அலுவலகங்களையும் நிர்வகிப்பது, வங்கியில் சொத்துக் கடன் பிரிவு, நகராட்சியின் வேல்யூவேஷன் பிரிவு, 2013 முதல் ஜோகன்னஸ்பர்க் பங்குச்சந்தையில் உள்ள ரெய்ட் (சொத்து முதலீட்டு) நிறுவனங்கள் என்று பல வழிகள். இதில் எந்தப் பக்கம் என்பதை இரண்டாம் வருடம் முடிவதற்குள் ஓரளவு தீர்மானித்துவிட்டால், ஹானர்ஸையும் விடுமுறை வேலையையும் அதற்கேற்றபடி எடுக்கலாம். நான் மதிப்பீட்டுப் பக்கம் வந்தேன். இப்போது கேண்டிடேட்டாக வேலை செய்கிறேன்.

விடுமுறை வேலைக்குப் போகும் பிள்ளைகள் காபி வாங்கிக்கொடுத்து, ஃபைல் அடுக்கி வந்துவிடக் கூடாது. ஒரு வாடகை ஒப்பந்தத்தை முழுவதும் படிக்கக் கேளுங்கள். ஒரு கட்டிடத்தின் வாடகைப் பட்டியலை எடுத்து, யார் எப்போது காலி செய்கிறார்கள், வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று நீங்களே குறித்துப் பாருங்கள். நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்டது முழுக்க அதைப் பற்றித்தான்.

நம் மாகாணத்தில் விண்ணப்பம் சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான். செப்டம்பர் முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். விருப்ப வரிசைக்கு மதிப்பு உண்டு, அதனால் உண்மையிலேயே இது வேண்டும் என்றால் முதலில் இதைப் போடுங்கள், கடைசியில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் ஓப்பன் டே அன்று பிள்ளையோடு பெற்றோரும் போய், கட்டுமானத் துறை மேசையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டத்துக்கு மேல் எந்தெந்த ஹானர்ஸ் எடுக்கலாம், அதை முடித்தால் எந்தக் கவுன்சிலில் பதியலாம்.